தொப்பி நானாவும் பெண்ணைப் பெற்றவர்களும்

நாலு வருஷ காலம் கண்டியில் தொப்பி நானாவின் அனுமதி இல்லாமல் ஒரு முத்தம்கூட நடக்கவில்லை. திரையில் நடந்ததைச் சொல்கிறேன். ஏரிக்கரையில் நடந்தவற்றுக்கு நான் பொறுப்பில்லை.

இது ஊமைப்படக் காலத்துக் கதை. பட்டணத்தின் நடுவில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை இருந்தது. முன்பு தேயிலைப் பெட்டி அடுக்கிய இடம். புதிதாக வந்த முதலாளி ஒருவர் அதில் வெள்ளைத் துணியைக் கட்டி, பின்னால் ஒரு மிஷினை வைத்து, பயஸ்கோப் கொட்டகை ஆக்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சிங்களத்தில் விளக்கம் சொல்வார்கள். சனிக்கிழமைக் காட்சி தமிழில். திரையில் வரும் இங்கிலீஷ் எழுத்தை வாசித்துத் தமிழில் உரக்கச் சொல்வது என் வேலை. பட்டணத்தை ஒட்டிய மஹய்யாவையில் பிறந்து, கடையில் சாமான் சுற்றித் தந்த இங்கிலீஷ் பத்திரிகைத் தாள்களை வைத்துக்கொண்டு நானாகவே எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான். பாதி புரியும். மீதியைத் திரையில் உள்ளவர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். மழை வந்து தகரத்தில் கொட்டினால், காதல் வசனத்தைக்கூட ஏலம் போடுகிறவன் மாதிரிக் கத்தித்தான் சொல்லவேண்டும்.

படங்கள் பல என்றாலும் கதை ஒன்றுதான். பதினேழு, பதினெட்டு வயதில் ஒரு பணக்காரப் பெண். மாளிகை. வெள்ளை மீசை வைத்த தகப்பன். அவருடைய குதிரைகளைப் பார்க்கும் பையன், இல்லாவிட்டால் தோட்டக்காரன் மகன், அதுவும் இல்லாவிட்டால் வேறு தேசத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கி, அந்த ஊர்ப் பாஷைகூடச் சரியாக வராத ஒரு வாலிபன். பெண்ணும் பையனும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பார்த்துக்கொள்வார்கள். இரண்டாவது ரீலில் வேலி ஏறுவார்கள். மூன்றாவது ரீலில் ஆரம்பிக்கும் தலைவேதனை.

முதல் முத்தம் திரையில் வந்த அன்று, முன்கதிரைகளில் இருந்த இரண்டு குடும்பங்கள் எழுந்து நடந்துவிட்டன. முதலாளிக்கு அழுகை வராத குறை. அடுத்த சனிக்கிழமை மிஷினுக்குப் பக்கத்து வாங்குப் பலகையில் தற்செயலாக உட்கார்ந்திருந்தார் ஒரு நெட்டை மனிதர். திரையில் இரண்டு முகங்கள் நெருங்கின. மனிதர் எழுந்தார். தலையில் இருந்த சிவப்புத் துருக்கித் தொப்பியை எடுத்தார். மிஷினின் கண்ணில் அப்படியே கவிழ்த்துவிட்டார். கொட்டகை இருட்டாயிற்று. கொஞ்ச நேரம் கழித்துத் தொப்பியை எடுத்தபோது, பெண்ணும் பையனும் மரியாதையான தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். குடும்பங்கள் பெருமூச்சு விட்டன. முதலாளி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இனி எல்லாச் சனிக்கிழமையும் வந்துவிடுங்கள் என்றார். அவர்தான் தொப்பி நானா. சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. சாய்ந்துகொள்ள முதுகு உள்ள கதிரை ஒன்று கேட்டார்.

பகலில் அவருக்குத் தொப்பித் தொழில். அந்தக் காலத்தில் கண்டி முஸ்லிம் கடைக்காரர்கள் எல்லாரும் துருக்கித் தொப்பி போடுவார்கள். மழையில் நனைந்து சாய்ந்துபோன தொப்பியைச் சூடேற்றிய பித்தளை அச்சில் மாட்டி, விறைப்பாக நிமிர்த்திக் கொடுப்பார். அதனால்தான் அந்தப் பெயர்; நானா என்றால் முஸ்லிம்கள் வழக்கில் அண்ணன். உண்மைப் பெயர் அவருடைய மனைவிக்கே மறந்துபோயிருக்கும் என்று ஊரில் சொல்வார்கள். கொட்டகை வேலைக்கென்று அவர் தனியாக ஒரு பழைய தொப்பி வைத்திருந்தார். மிஷின் வெளிச்சம் பட்டுப்பட்டு அதன் உள்பக்கம் கருகியிருக்கும். கம்பளி கருகும் வாடை வந்தால், பின்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு இருப்பவர்கள்கூடக் காதல் முற்றிவிட்டது என்று அறிந்துகொள்வார்கள்.

சும்மா முத்தத்தை மறைக்கிறவர் என்று அவரை நினைத்தால் நீங்கள் அவரை அறியவில்லை. அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒரு நாள் நான் கேட்டேன், ஏன் நானா, கடைசி ரீலில் வரும் முத்தத்துக்கு மட்டும் நீங்கள் தொப்பி போடுவதில்லை என்று. அவர் என்னை ஒன்றும் தெரியாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"முத்தம் குடுக்கிறது அவங்கட ஊர் வழக்கம். அதுல எனக்கு ஒரு பேச்சும் இல்ல. புள்ளட வாப்பா சம்மதிக்காம குடுக்கிறதுதான் பிழை. கடைசி ரீல்ல வாப்பா சம்மதிச்சிட்டார்தானே. அதுக்குப் பொறகு நான் ஆரு தொப்பி போட?"

நானாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. தகப்பன் சம்மதித்தாரா இல்லையா என்பதை அவர் என் வாயிலிருந்துதான் அறிந்துகொள்வார். வெள்ளிக்கிழமைகளில் படத்தை எங்கள் இருவருக்கும் ஒரு முறை ஓட்டிக் காட்டுவார்கள். நான் வாசித்துச் சொல்ல, அவர் எந்த இடத்தில் கவிழ்ப்பது, எந்த இடத்தில் எடுப்பது என்று மனதில் குறித்துக்கொள்வார்.

சட்டம் ஊருக்குத் தெரிந்ததும் ஒரு புதுமை நடந்தது. கண்டிச் சனங்கள் காதலர்களைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். எல்லாருடைய கண்ணும் தகப்பன்மேல்தான். மீசைக்காரர் முகத்தைச் சுளித்தால் கொட்டகை முழுவதும் 'த்ச்சு' கொட்டும். அவர் ஜன்னலோரம் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றால், மனசு இளகுகிறது என்று வாங்குகளில் ஒருவரையொருவர் இடித்துக்கொள்வார்கள். ஹந்தானைத் தோட்டத்திலிருந்து இறங்கிவரும் ஒரு கங்காணி, திரையைப் பார்த்துக் கைகூப்பியே கேட்டுவிட்டார், தொரை, புள்ளைங்க பாவம், சரின்னு சொல்லிப்போடுங்க என்று. கடைத்தெருவிலும் இது பேச்சாகிவிட்டது. ஒரு வீட்டில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தால், என்னப்பா, தொப்பி எடுத்தாச்சா என்றுதான் விசாரிப்பார்கள்.

ஒரு படத்தில் தகப்பன் இரண்டாவது ரீலிலேயே குதிரையிலிருந்து விழுந்து செத்துப்போனார். கொட்டகையே கலங்கிவிட்டது. அவருக்காக அல்ல, இனி யார் சம்மதம் சொல்வது என்று. இடைவேளையில் பெரிய வாக்குவாதம். தாய்மாமன் இருந்தால் போதும் என்றது எங்கள் பக்கம். மூத்த சகோதரன் இருக்கிறானா என்று தேடியது நானாவின் பக்கம். படத்திலோ பெண்ணுக்கு ஒரு சொந்தக்காரரும் இல்லை; உயில் வாசிக்க வந்த கொழுத்த வக்கீல் ஒருவர்தான் இருந்தார். நானா நெடுநேரம் யோசித்து, சொத்தைப் பார்க்கிறவர் புள்ளையையும் பார்க்கலாம் என்று தீர்ப்புச் சொன்னார். ஏழாவது ரீலில் வக்கீல் கிண்ணத்தைத் தூக்கித் தலையை ஆட்டியபோது கிடைத்த கைதட்டல், அவர் ஊரில் எந்த வழக்கிலும் அவருக்குக் கிடைத்திராது.

இன்னொரு முறை, கொழும்பிலிருந்து வரும் படப் பெட்டிகளில் கடைசி ரீல் மட்டும் வரவில்லை. வழியில் கடுகண்ணாவையில் மண் சரிந்து ரெயில் நின்றுவிட்டது. தகப்பன் கோபத்தோடு படியில் ஏறிக்கொண்டிருக்கும்போது படம் முடிந்துபோனது. படம் நின்ற மிஷினில் நானா தொப்பியைக் கவிழ்த்துவிட்டார்; எடுக்கவே இல்லை. ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் சந்தையில் இதே பேச்சு. சம்மதம் கடுகண்ணாவையில் நிற்கிறதாம் என்று சொல்லிக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை ரீல் வந்து சேர்ந்ததும், அந்த ஒரு ரீலைப் பார்க்கக் கொட்டகை நிறைந்துவிட்டது. பத்து நிமிஷம். தகப்பன் படியிறங்கி வந்து பையனின் தோளில் கையை வைத்தார். என் பக்கத்தில் இருந்த ஒரு மீன்காரர் தன்னுடைய பெண்ணையே கட்டிக்கொடுத்ததுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது என் கதைக்கு வரவேண்டும். வராவிட்டால் நானாவைப் பற்றிப் பாதிதான் சொன்னதாகும்.

முன்கதிரைகளில் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு கந்தோரின், அதாவது ஆபீஸின், பெரிய கிளாக்கர் வந்து இருப்பார். யாழ்ப்பாணத்துக்காரர். மனைவியும் மகளும் பக்கத்தில். அவர் படம் பார்க்க வருகிறவர் அல்ல, என் இங்கிலீஷைத் திருத்த வருகிறவர். யார் எதைச் சொன்னாலும் அப்படியில்லை என்று ஆரம்பிப்பதுதான் அவர் சுபாவம். மழை வரும்போல என்றால் வராது என்பார்; சரி வராது என்றால் ஏன் வராது என்பார். நான் வாசிக்க வாசிக்க என் பிழைகளை மகளின் காதில் சொல்வார். அவள் இருட்டிலேயே ஒரு தாளில் எழுதுவாள். இடைவேளையில் அந்தத் தாளை அவள் கையாலேயே எனக்குக் கொடுத்தனுப்புவார், பொடியன் திருந்தட்டும் என்று. முதல் நாள் முப்பத்தொரு பிழை.

அவள் பெயர் பாக்கியம். பதினெட்டு வயது. எனக்கு இருபத்தொன்று. நான் தாள்களை மனப்பாடம் செய்தேன். பிழைகள் இருபதாயின, பன்னிரண்டாயின. அப்போதுதான் கவனித்தேன், கணக்கில் ஒரு பிழை கூடுதலாக இருக்கிறது. கடைசி வரியில், தகப்பன் சொல்லாத ஒன்றை அவளே சேர்த்திருந்தாள்: "இண்டைக்கு நீங்கள் ஒருக்காலும் சிரிக்கேல்லை."

அடுத்த வாரம் சிரித்தேன். பெண்ணின் தாய் செத்துப்போகும் காட்சியில் சிரித்துவிட்டேன். அது அந்த வாரத்தின் முதல் பிழையாகப் பதிவாயிற்று.

இப்படி எட்டு மாதம். ஒரு வார்த்தை நேரில் பேசியதில்லை; எல்லாம் தாளில்தான். அவள் தகப்பன் பெரிய கந்தோர்க் கதிரையில் இருப்பவர். என் அப்பா ஹந்தானைத் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்து, பட்டணத்துக்கு இறங்கி, ரோட்டு வேலைக்குச் சேர்ந்தவர். இரண்டு வீட்டிலும் தமிழ்தான் பேசினோம் என்றாலும், அவர்கள் பேசுவதைக் கேட்டு என் தங்கைகள் சிரிப்பார்கள்; நாங்கள் பேசுவதைக் கேட்டு அவர்கள் வீட்டில் யாரும் சிரிக்கக்கூட மாட்டார்கள். வேலி எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியும். வாராவாரம் அதைத்தானே உரக்க வாசித்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகை மாதத்தில் ஒரு தாள் வந்தது. பிழைகள் ஐந்துதான். ஆறாவது வரி: மலாயாவில் உத்தியோகம் பார்க்கும் மாப்பிள்ளை ஒருவர் தை மாதம் வருகிறார்; அப்பா ஓமென்று சம்மதம் எழுதப் போகிறார். அதற்குக் கீழே இன்னொரு வரி. படத்தில் தகப்பன் சம்மதிக்கும் காட்சி வந்தால் அப்பா மூக்கை உறிஞ்சுவார், கண் கலங்கும். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் எதைக் கேட்டாலும் மறுக்கமாட்டார். அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன்; வருகிற சனிக்கிழமை போகும்போது அம்மா நம் கதையை எடுப்பார் என்று எழுதியிருந்தாள்.

எல்லாம் அந்தப் படத்தின் தகப்பன் கையில். வெள்ளிக்கிழமை படத்தை ஓட்டிப் பார்த்தோம். அப்படி ஒரு கல்நெஞ்சுக்காரரை நான் திரையில் கண்டதில்லை. ஆறாவது ரீலில் காதலர்கள் இருவரும் கைகோத்து முன்னால் வந்து நிற்கிறார்கள். அவர் எழுந்து, செத்தாலும் இவனுக்கு உன்னைக் கொடுக்கமாட்டேன் என்கிறார். அவர் கண்முன்னாலேயே அவர்கள் முத்தமிடுகிறார்கள். அவர் பூச்சாடியைத் தூக்கி எறிகிறார். கடைசிவரை அவர் மனம் மாறவே இல்லை.

நான் என்ன செய்தேன் என்றால், நானாவுக்கு வாசித்துக் காட்டும்போதே மாற்றிச் சொல்லிவிட்டேன். மகளே, இவனையே கட்டிக்கொள், இருவரும் நன்றாக இருங்கள் என்று தகப்பன் வாழ்த்துகிறார் என்றேன். கொட்டகை கைதட்டும் வேகத்தில் கிளாக்கர் எழுத்தைக் கவனிக்கமாட்டார் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். நானா திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு ஒரு சந்தேகம் கேட்டார்.

"சம்மதிச்சவர் என்னத்துக்குச் சாடியத் தூக்கி எறியிறார்?"

"அது அவங்க ஊர் வழக்கம் நானா. நிச்சயமானா சாடி உடைப்பாங்க."

"ஓ, நீங்க தேங்கா ஒடைக்கிற மாதிரி."

"ஆமா நானா."

சனிக்கிழமை கொட்டகை நிரம்பியிருந்தது. ஆறாவது ரீலில் நான் குரலை உயர்த்தி, தழுதழுக்க, தகப்பனின் வாழ்த்தைச் சொன்னேன். நானா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாய்ந்தார். திரையில் முத்தம் பெரிதாக விழுந்தது. சாடி பறந்து சுவரில் பட்டுச் சிதறியது. கொட்டகை முழுவதும் கைதட்டியது. நல்ல சகுனம் என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

பெரிய கிளாக்கர் மட்டும் எழுந்து நின்றார்.

"நிப்பாட்டுங்கோ," என்றார். "அந்த மனுசன் ஓமெண்டு சொல்லேல்லை. செத்தாலும் குடுக்கமாட்டன் எண்டு எழுதிக் கிடக்கு. இந்தப் பொடியன் பொய் சொல்லுறான்."

ஏன் பொய் சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை. திரும்பி மகளின் முகத்தைப் பார்த்தார். அவளுக்கு மறைக்கத் தெரியவில்லை. மூன்று பேரும் எழுந்து வெளியே போனார்கள். போகும்போது அவள் என் பக்கத்தில் ஒரு தாளைப் போட்டுவிட்டுப் போனாள். ஒரே ஒரு வரி: "பிழை ஒண்டுதான். ஆனால் பெரிசு."

மறுநாள் காலை நானா மஹய்யாவையில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். வாசலில் குனிந்து, கூரையில் ஒழுகும் இடத்தை அண்ணாந்து பார்த்து, பிறகு உட்கார்ந்தார். கோபித்துக் கத்துவார் என்று நினைத்தேன். அவர் வழக்கு எடுத்துச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

"இவ்வளவு நாளும் வாப்பா சம்மதிக்காம நான் ஒரு முத்தத்தையும் காட்ட உட்டதில்ல. நேத்து உட்டுட்டேன். ஊரே பார்த்தீக்கி. ஒன்னாலதான். இனி நீ உண்மையச் செல்லு, என்னத்துக்கு இப்பிடிச் செஞ்ச?"

எல்லாவற்றையும் சொன்னேன். தாள்கள், மலாயா, தை மாதம். அவர் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார், அந்தக் கிளாக்கரிடம் நேரில் போய் யாராவது கேட்டார்களா என்று. யாரும் கேட்கவில்லை என்றேன். அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கேட்காமலே மறுப்பார் என்று எப்படித் தெரியும் என்றார். கேட்டாலும் மறுப்பார் நானா, எல்லாருக்கும் தெரியும் என்றேன்.

"மறுக்கட்டும். மொதல் ரீல்ல எந்த வாப்பா சரின்டு செல்லீக்கிறார்? வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சி வாறேன். சட்டைய நல்லாத் தோச்சிப் போடு."

அப்படித்தான் நாங்கள் போகத் தொடங்கினோம். முதல் வெள்ளிக்கிழமை கதவு பாதிதான் திறந்தது. அதன் வழியாக ஒரு மாட்டேன் வெளியே வந்தது. திரும்பும் வழியில் நானா ரொம்ப உற்சாகமாக இருந்தார். மீசைக்காரர்கள் எல்லாம் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள் என்றார். இரண்டாவது வெள்ளி மழை. விறாந்தையில் நிற்கவைத்து, முழுக் கதவையும் திறந்து மாட்டேன் என்றார் கிளாக்கர். மூன்றாவது வெள்ளி நானாவுக்குக் கதிரை கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. அன்று இருவரும் என்னைப் பற்றிப் பேசவே இல்லை. ஈரத்தில் தொப்பி ஏன் சாய்கிறது என்பதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். நனைவதால் என்று நானா சொல்ல, அப்படியில்லை, காய வைப்பதில்தான் பிழை என்று கிளாக்கர் சொல்ல, நான் சுவரோரம் நின்று கால் மாற்றிக்கொண்டிருந்தேன். மார்கழி பிறந்துவிட்டது. மலாயாக்காரர் கப்பலுக்குச் சீட்டு எடுத்துவிட்டதாகக் கேள்வி.

நாலாவது வெள்ளிக்கிழமை தேத்தண்ணி வந்தது. பாக்கியம் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். கிளாக்கர் ஒரு வாய் குடித்துவிட்டு, கோப்பையைப் பிடித்தபடியே நானாவைப் பார்த்தார்.

"நானா, நீர் நேர்மையான மனுசன். ஒண்டு கேக்கிறன். உமக்கு ஒரு பொம்பிளைப் பிள்ளை இருந்தால், இவனுக்குக் குடுப்பீரோ?"

"குடுக்க மாட்டேன்," என்றார் நானா.

கிளாக்கரே கொஞ்சம் திடுக்கிட்டுத்தான் போனார். நானா நிதானமாகத் தொடர்ந்தார்.

"எனக்குப் புள்ள இல்ல. ஈந்தா குடுக்க மாட்டேன். இவன்ட வாப்பா ரோட்டு வேல. ஊட்டுல ரெண்டு அறை, ஏழு பேர். மழைக்கு ஒழுகுது. நான் போய்ப் பார்த்தீக்கிறேன்."

"அதைத்தானே நானும் சொல்லுறன்," என்றார் கிளாக்கர். தன்னை ஒத்துக்கொள்கிற ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது. அந்த வீட்டில் ஒரு மாதமாக மனைவி ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த நேரம் அது.

"பொய் செல்றான்."

"அது நான் கண்ணாலை கண்டது."

"பீடியும் குடிக்கிறான்."

இது கிளாக்கருக்குப் புதுச் செய்தி. கதவுக்குப் பின்னால் இருந்தவளுக்கும் புதுச் செய்தி. எனக்கு அப்படியே நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது. நான் இந்த மனிதரை நம்பித்தானே சட்டையைத் தோய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

"அதோட," என்றார் நானா, "இங்கிலீசும் சரியா வராது."

கிளாக்கர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்பிடி ஒரேயடியாச் சொல்லேலாது," என்றார். "முந்தி முப்பத்தொரு பிழை. இப்ப அஞ்சு. ஒரு வாத்தியாரும் இல்லாமல் படிச்சவன். என்ர கந்தோரிலை இருக்கிற பொடியங்கள் இதிலும் மோசமா எழுதுவாங்கள்."

"என்னத்தப் படிச்சும் பயஸ்கோப்புல கத்துற தொழில்தானே. நெலயான வருமானம் இல்ல."

"இண்டைக்கு அது தொழில். ஒரு கந்தோரிலை கொண்டுபோய் விட்டால் இவன்..." என்றவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார். உள்ளே பாக்கியத்தின் அம்மா ஒரு முறை இருமினார்.

நானா எழுந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மிகவும் உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

"ஏலா, கிளாக்கர் ஐயா. நான் நல்லா யோசிச்சுத்தான் செல்றேன். குடுக்காதீங்க."

"இரும் ஐசே," என்றார் கிளாக்கர். "என்ர பிள்ளையை ஆருக்குக் குடுக்கிறதெண்டு நீரே சொல்லுறது?"

பிறகு கிளாக்கர் முதல் தடவையாக என்னை நேரே பார்த்து, நீர் அந்தக் கதிரையில் இரும் என்றார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். எந்தச் சனங்களுக்கு முன்னால் பொய் சொன்னேனோ, அந்தச் சனங்களுக்கு முன்னால் அது பொய் என்று நான் சொல்லவேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் தன் முடிவு.

மறுநாள் சனிக்கிழமை. படம் தொடங்குமுன் திரைக்கு முன்னால் போய் நின்றேன். அந்தப் படத்தில் வந்த தகப்பன் சம்மதிக்கவில்லை, நான்தான் பொய் சொன்னேன், சாடி உடைப்பது எந்த ஊர் வழக்கமும் இல்லை, அவர் அவனை அடிக்கத்தான் எறிந்தார் என்றேன். கொட்டகையில் சலசலப்பு. கைதட்டியதெல்லாம் வீணா என்று ஒருவர் வருத்தப்பட்டார். அப்போது ஹந்தானைக் கங்காணி எழுந்து, அமைதியாக ஒரு கேள்வி கேட்டார். "அப்ப இப்பவாச்சும் சம்மதிச்சாரா தம்பி?"

அவர் திரையில் வந்த தகப்பனைத்தான் கேட்டார். ஆனால் விஷயம் கண்டி முழுவதும் தெரிந்திருந்தது. தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி, முன்கதிரையைப் பார்த்தன. இத்தனை மாதங்களாகத் தகப்பன் முகத்தைப் பார்த்துப் பார்த்தே பழகிய கண்கள். பெரிய கிளாக்கர் நேரே வெள்ளைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒன்றும் இல்லை. மூக்கை உறிஞ்சினார்.

"ஓமப்பா," என்றார். "படத்தைப் போடுங்கோ."

அதற்குப் பிறகு அன்று என்ன படம் ஓடியது என்று எனக்கு நினைவில்லை. பிழைகள் அறுபதுக்கு மேல் என்று பாக்கியம் இன்றும் சொல்வாள்.

மலாயாவுக்குத் தந்தி போயிற்று. தையில் எங்கள் கல்யாணம் நடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து அவர்கள் பக்கத்தில் ஒருவரும் வரவில்லை. என் மாமாவாகிவிட்ட கிளாக்கர், வராதவர்களுக்குப் போட்ட பந்தியில் என் அப்பாவின் ரோட்டு வேலைச் சிநேகிதர்களைத் தானே கையைப் பிடித்து உட்காரவைத்தார். பிறகு தன் கந்தோரில் எனக்கு ஒரு மூலையும் ஒரு மேசையும் பிடித்துக் கொடுத்தார். அங்கேயும் என் பிழைகளைத் தாளில் எழுதினார்.

நானாவிடம் ஒரு முறை கேட்டேன். அந்த நாலாவது வெள்ளிக்கிழமை, மாமாவின் சுபாவம் தெரிந்து நீங்கள் வேண்டுமென்றுதான் அப்படிப் பேசினீர்களா என்று. அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"நான் பொய் செல்ற ஆளா மகன்? ஒன்னப் பத்திச் செல்லின எல்லாம் உண்மதானே."

உண்மைதான். அதனால் இன்றுவரை எனக்கு விடை தெரியாது.

பேசும் படம் வந்த பிறகு அவர் கொட்டகைப் பக்கம் வரவில்லை. தொப்பிக் கடையில் இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் தொழுகை முடிந்து மாமா வீட்டு விறாந்தைக்கு வந்துவிடுவார். இருவரும் ஒருவரையொருவர் மறுத்துப் பேசிக்கொண்டே கிழவர்களானார்கள். மாமா போன வருஷமே நானாவும் போனார்.

போன மாதம் என் மூத்த மகளைக் கேட்டு ஒரு பையன் வீட்டுக்கு வந்தான். கம்பளையில் ஒரு கடையில் வேலை. அவர்கள் வேறு ஆட்கள், வேறு பழக்கவழக்கம். நன்றாகத் தோய்த்த சட்டை போட்டிருந்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. அவன் பின்னால் வாசல் கேற்றடியில் வேறு யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தேன். தனியாகத்தான் வந்திருந்தான். மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தவன், அடுத்த வெள்ளிக்கிழமை வா, யாரையாவது கூட்டிக்கொண்டு வா என்றேன். யாரைக் கூட்டிக்கொண்டு வருவது ஐயா என்று கேட்டான். இவனுக்குப் பெண் கொடுக்காதீர்கள் என்று என் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒருவரை என்றேன்.